நீங்கள் பார்க்காததையும் எழுதிக் கொடுங்கள்

வாகனத் தகுதிச் சோதனைக்கு விதி எழுதுகிறவர்களுக்கும், அந்த விதியோடு காரின் அடியில் போய்க் குனிகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் காருக்கு வயது 22. சென்ற முறை தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, முன்பக்க இடது சக்கரத்தின் பால் ஜாயின்ட்டில் (சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் இடம்கொடுக்கும் குமிழ் மூட்டு) ஆட்டம் இருப்பதாகச் சொல்லித் தோல்வி கொடுத்தார்கள். தோல்வித் தாளோடு, அதே கூடத்தில் அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற இன்னொரு தாளும் கைக்கு வந்தது. இரண்டும் ஒரே அச்சுப்பொறியில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாக வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு திருகைக்கூடத் தொடாமல் மூன்றாம் நாள் வேறொரு கூடத்துக்கு ஓட்டிப்போனேன். அங்கே தேர்ச்சி. "இந்த வயதுக்கு நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டு வேறு.

மகிழ்ச்சியோடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரே சக்கரம் மூன்று நாளில் கெட்டதாகவும் நல்லதாகவும் எப்படி இருக்கும் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. பல ஆண்டுகளாக இந்தக் காரைப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கினார். கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் ஒரு கை, 6 இருக்கும் இடத்தில் ஒரு கை. உள்ளும் வெளியுமாக ஆட்டினார். 'டக்' என்று மெல்லிய ஓசை கேட்டது. ஆட்டம் இருந்தது, முதல் கூடம் பொய் சொல்லவில்லை. பிறகு என்னை உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார். இப்போது ஓசையும் இல்லை, ஆட்டமும் இல்லை.

"பால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது சார். பேரிங்தான் போய்விட்டது" என்றார்.

பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுழலும் பகுதியும் அதைத் தாங்கி நிற்கும் பகுதியும் ஒன்றாக இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பேரிங்கில் உள்ள தளர்ச்சி அப்போது வெளியே தெரியாது. பால் ஜாயின்ட் தளர்ந்திருந்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஆட்டம் அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூடுதலாகத் தேவைப்பட்ட கருவி, பிரேக்கை மிதிக்க இன்னோர் ஆளின் கால். அந்தக் கால் முதல் கூடத்தில் இல்லை. இரண்டாவது கூடத்தில் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்களா என்பதே எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் கொடுத்த தாளில் 'தேர்ச்சி' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

தூக்கியதுதான் தூக்கினோம் என்று மெக்கானிக் பின்பக்கத்தையும் பார்த்தார். பெட்ரோல் டாங்கின் மேல்பக்கமாக வளைந்து போகிற பிரேக் பைப்பை ஒரு கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கிளிப்புக்குள் 22 ஆண்டுச் சேறு அடைந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நகத்தால் சுரண்டினார், மரப்பட்டை போலத் துரு உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் லேசான ஈரம். விரலில் தொட்டு இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துக் காட்டினார். தண்ணீருக்கு அந்த வழுக்கல் இருக்காது. சான்று வாங்கி அன்றைக்கு ஐந்தாவது நாள்.

உங்களைத் திருடர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. காரைப் பார்க்காமலேயே கைநீட்டி வாங்கிக்கொண்டு முத்திரை குத்துகிறவர்கள் எங்கும் இருப்பார்கள். அவர்களுக்கு மடல் எழுதிப் பயனில்லை, அது காவல்துறையின் வேலை. எனக்குக் கவலை நேர்மையாக நடக்கும் சோதனையைப் பற்றித்தான். நேர்மையான ஒருவர், விதிப்படி, கொடுக்கப்பட்ட நேரத்துக்குள், முழு மனத்தோடு பார்த்தாலும் என் பிரேக் பைப் அவர் கண்ணில் பட்டிருக்காது. ஏன் என்பதற்கும் விதியிலேயே விடை இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுச் சோதனை விதியை எடுத்துக்கொள்வோம். வாகனத்தின் எந்தப் பகுதியையும் கருவி கொண்டு கழற்றாமல்தான் சோதிக்க வேண்டும் என்கிறது அது. பிற இடங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். இதில் நியாயம் இருக்கிறது. பழைய காரின் பிளாஸ்டிக் கிளிப்பைத் தொட்டாலே உடையும். உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று சண்டை வரும். ஆனால் இந்த விதியின் மறுபக்கத்தையும் பாருங்கள். காரின் ஓரச் சட்டங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. அடிப்பக்கம் பெரிய தட்டால் மூடப்பட்டிருக்கிறது. பிரேக் பைப் டாங்குக்கு மேலே ஒளிந்திருக்கிறது. துரு எங்கெல்லாம் பிடிக்குமோ அங்கெல்லாம் ஒரு மூடி இருக்கிறது, அந்த மூடியைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை. மூன்று வயதுக் காருக்கு இது பெரிய குறையாகாது. இருபது வயதுக் காரின் ஆபத்து முழுவதும் அந்த மூடிகளுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறது.

மூடி இல்லாத இடத்திலோ பூச்சு இருக்கிறது. பூசி மெழுகுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை, பழைய கார் விற்கிறவர்கள் உண்மையிலேயே செய்கிறார்கள். துருப்பிடித்த சட்டத்தைக் கம்பித் தூரிகையால் ஒரு தேய்ப்பு, ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி, அதன் மேல் கருப்பாகக் கெட்டியான அடிப்பூச்சு. சோதனைக் கூடத்தின் விளக்கில் அது புதுக்கருக்கோடு மினுங்கும். கருவியால் தட்டிப் பார்த்தால் ஓசை வேறுபடும், காந்தம் வைத்தால் பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. தட்டுகிறவர்கள் தட்டுகிறார்கள். ஆனால் பூச்சு கனமாக இருந்தால் ஓசையும் அடங்கிவிடும். இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு: பூச்சே அடிக்காமல் மேற்பரப்புத் துருவைத் திறந்து காட்டுகிற நேர்மையான கார் கண்டிப்புக்கு ஆளாகிறது, பூசி மறைத்தது பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறது. என் கார் முதல் வகை. முகம் சுளிக்கும் சோதனையாளரை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பிரேக். சோதனையில் எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ள பகுதி இதுதான், காரணம் இங்கே கண்ணுக்குப் பதில் கருவி பேசுகிறது. சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, நடக்கும் வேகத்தில் சுழலவிட்டு, பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று அளப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்ப்பது என் வழக்கம். முந்தைய முறை முன்சக்கரங்களில் வலது 2.2 கிலோ நியூட்டன், இடது 2.1. இந்த முறை வலது 2.1, இடது 1.6. ஐரோப்பிய விதிப்படி ஒரே அச்சில் ஒரு சக்கரத்தின் விசை மற்றதன் விசையில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் குறை. என்னுடையது 76 சதவீதம். எனவே தேர்ச்சி. முந்தைய முறை 95 சதவீதமாக இருந்ததும் தேர்ச்சி. இரண்டு தாளிலும் அதே ஒற்றைச் சொல்!

இடைப்பட்ட காலத்தில் இடது பிரேக்கின் பிடி மெல்லக் குறைந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் கூவிச் சொல்கின்றன. எண்கள் திரையில் வந்தன, கணிப்பொறியில் பதிவாயின, என் கைக்கு வரவில்லை. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சிகரெட் அட்டையில் கிறுக்கி வைத்ததால் எனக்குத் தெரியும். (அட்டை மட்டும்தான் மிச்சம், புகைப்பதை நிறுத்திவிட்டேன்.) நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர், துடிப்பு எவ்வளவு என்று சொல்லாமல் "உயிர் இருக்கிறது" என்று மட்டும் எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது.

உருளைச் சோதனையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தரத்து ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சோதனைக் கூடத்தில் பிரேக் சில நொடிகள்தான் பிடிக்கப்படுகிறது, சூடே ஏறாது. எனவே பழைய ஆயிலும் அங்கே சிங்கம்போல நிற்கும். நீண்ட மலை இறக்கத்தில், பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் மிதி தரையோடு தரையாக அமுங்கும், கார் நிற்காது. ஆயிலின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவிகள் பட்டறைகளில் புழங்குகின்றன. எத்தனை கூடங்களில் அதை மூடி திறந்து ஆயிலில் நனைக்கிறார்கள்?

டயர் கதையும் இதே. குழியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது பல நாடுகளின் வரம்பு. பழைய காரை வாரம் ஒருமுறை எடுப்பவருக்குக் குழி தேய்வதே இல்லை. ரப்பர்தான் வயதாகி வெடிக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமாகப் பிறந்த வாரமும் ஆண்டும் பொறிக்கப்படுகின்றன. 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த டயரில் குழி 6 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலும் தேர்ச்சிதான். பிரிட்டனில் 2021 முதல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர்களை லாரி, பஸ்களின் முன் அச்சில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. கார் டயருக்கு வயதைக் கேட்க என்ன தயக்கம்?

டயர் பேச்சு வந்ததால் எங்கள் தரப்புக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சோதனை நாளுக்கு மட்டும் நண்பரின் நல்ல டயர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய், மாலையில் திருப்பிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். டயர் கொடுத்த நண்பர் நான்தான். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க, பழுதைப் பார்க்காமல் பல்பை மட்டும் பிடுங்குகிறவர்களும் எங்களில் உண்டு. எங்களுக்கு இந்தச் சோதனை ஒரு தேர்வு. தேர்வென்றால் பிட்டு அடிக்கிறவனும் இருப்பான். சோதனையின் விளைவு தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே கதவுகளாக இருக்கும்வரை, எந்தக் கதவு என்பதில்தான் எங்கள் மூளை வேலை செய்யும். காரின் நிலை என்ன என்பதில் வேலை செய்யாது.

இந்தச் சோதனைகள் பழைய கார்களுக்காகவே பிறந்தவை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 1960இல் சோதனை கட்டாயமானபோது அது பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு மட்டும்தான். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் பார்த்தார்கள். தோற்றவை ஏராளம். மறு ஆண்டே வயது வரம்பை ஏழாக இறக்கினார்கள், 1967இல் மூன்றாக. இப்போது அதே நாட்டில், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 வயதுக்கு மேற்பட்ட கார்களுக்குச் சோதனையே தேவையில்லை. 2018 முதல் அப்படி. அருமையாகப் பேணுகிறவர்கள்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள் என்பது வாதம். பலரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் துருவுக்கு உரிமையாளரின் பாசம் தெரியாது.

இன்னொரு பக்கம், சோதனையையே தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி 2010இல் தனியார் கார்களுக்கான இயந்திரப் பாதுகாப்புச் சோதனையை நிறுத்தியது. டெக்சஸ் 2025 ஜனவரியில் நிறுத்தியது. சோதனையால் விபத்து குறைகிறது என்று காட்ட முடியவில்லை என்பது அப்படி நிறுத்தச் சொல்கிறவர்களின் வாதங்களில் ஒன்று. அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. நார்வேயில் சுமார் 2,04,000 கார்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும் சோதித்தும், சிலவற்றை ஒரே ஒருமுறை சோதித்தும், மீதியைச் சோதிக்காமலே விட்டும் பார்த்தார்கள். 1992இல் முடிவு வெளியானது. சோதிக்கப்பட்ட கார்களின் நிலை மேம்பட்டிருந்தது. விபத்து விகிதத்தில் மட்டும் வேறுபாடு தென்படவில்லை.

இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் முதல் பாதியை மென்று விழுங்கிவிடுகிறார்கள். காரின் நிலை மேம்பட்டது. எனக்கு வேண்டியது அதுதான். என் பிரேக் பைப் ஒழுகுகிறதா என்று தெரிய வேண்டும், நாட்டின் விபத்து விகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். ஆகவே சோதனையை ஒழியுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

சோதிக்கிறவரே பழுதுபார்க்கவும் செய்யலாமா என்பது பழைய சண்டை. பிரிட்டனின் பெரும்பகுதியில் பட்டறைகளே சோதிக்கின்றன. தோல்வி கொடுத்தால் வேலை கிடைக்கும்; வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளக் கூடாதென்றால் தேர்ச்சி கொடுக்க வேண்டும். தான் பார்த்த வேலைக்குத் தானே சான்று கொடுத்தால் வேலிக்கு ஓணான் சாட்சி. சோதனைக்கு மட்டுமே என்று அரசுக் கூடங்கள் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். வட அயர்லாந்தில் அப்படித்தான் இருக்கிறது. 2020 ஜனவரியில் அங்கே காரைத் தூக்கிப் பார்க்கும் லிஃப்டுகளிலேயே விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மொத்தம் 55 லிஃப்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் குறை. கார்ச் சோதனைகள் நிறுத்தப்பட்டன, சோதிக்காமலேயே பலருக்குத் தற்காலிக விலக்குச் சான்று கொடுக்க வேண்டியதாயிற்று. சோதனை செய்யும் இரும்புக்கும் வயதாகும் என்பதை அன்றுதான் யோசித்தேன். உருளைகளும் புகைமானிகளும் கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டன என்ற தேதி வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்கிறதா? நான் போன இரண்டு கூடங்களிலும் சுவரில் நாள்காட்டி இருந்தது, அந்தத் தேதி இல்லை.

மாற்ற வேண்டும் என்று நினைத்தால் மாற்ற முடிகிறது என்பதற்கும் சான்று உண்டு. டீசல் கார்களில் புகையின் நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியின் உள்ளீட்டை வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிக்கொண்டு வந்தாலும், பழைய புகைச் சோதனையில் தேறிவிட முடிந்தது. பெல்ஜியம் 2022இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023இலும் துகள்களை எண்ணும் கருவிக்கு மாறின. வெறும் கூடு இப்போது மாட்டிக்கொள்கிறது. பொறி நகர்ந்தால் எலியும் பிடிபடும்.

எனவே எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. தாளை மாற்றுங்கள்.

நீங்கள் அளந்த ஒவ்வோர் எண்ணையும் அதில் எழுதுங்கள்: ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசை, ஹேண்ட் பிரேக் விசை, டயர்க் குழியின் ஆழம், டயர் பிறந்த ஆண்டு, புகை அளவு. சென்ற முறை எண்ணை அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், ஏற்கெனவே கணிப்பொறியில் கிடப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தால் போதும். பிரிட்டனில் ஒரு காரின் பதிவு எண்ணை வைத்தே அதன் பழைய சோதனை முடிவுகள், 'கவனிக்கவும்' என்று எழுதப்பட்ட குறிப்புகள், ஓடிய தூரம் எல்லாவற்றையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அதைவிட முக்கியமாக, எண்களுக்குக் கீழே ஒரு கட்டம் போடுங்கள். அதன் தலைப்பு: 'பார்க்க இயலாதவை'. அடித்தட்டு மூடியிருந்ததால் நடுச் சட்டம் பார்க்கப்படவில்லை. டாங்குக்கு மேலே செல்லும் பிரேக் பைப் பார்க்கப்படவில்லை. ஓரச் சட்டத்தில் அடிப்பூச்சு கனமாக இருப்பதால் துரு பற்றிச் சொல்ல முடியாது. பிரேக் ஆயிலின் ஈரம் அளக்கப்படவில்லை. இப்படி நான்கு வரி எழுதியிருந்தால் நான் ஐந்து நாள் அந்தக் காரில் மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்க மாட்டேன். நேராக மெக்கானிக்கிடம் போய் அந்த நான்கையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இப்படி எழுதினால் உங்களுக்குச் சட்டச் சிக்கல் வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. இன்றைக்கு நீங்கள் பார்க்காத பைப்புக்கும் சேர்த்து 'தேர்ச்சி' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பார்க்கவில்லை என்று எழுதிய கையைவிட, பார்க்காமல் சரி என்று எழுதிய கைக்குத்தான் ஆபத்து அதிகம்.

சோதனை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வயதுக் காருக்கும் இருபது வயதுக் காருக்கும் ஒரே கட்டணம், ஒரே நேரம் என்பது யாருக்கும் நியாயமாக இல்லை. என் காருக்கு இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இருமடங்கு கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதிக்க ஓர் ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லையென்றால் உரிமையாளரையே உள்ளே உட்காரச் சொல்லுங்கள். தடுப்புக்கு வெளியே கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பதைவிட நாங்கள் அதை விரும்புவோம்.

பேரிங் மாற்றியாயிற்று. பிரேக் பைப் முழு நீளத்துக்கும் புதிதாகப் போட்டாயிற்று. இடது பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதில் மெக்கானிக்கின் பாதி நாள் போயிற்று. அடுத்த சோதனைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அன்றைக்கு அடித்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வருவேன். கழற்றக் கூடாது என்ற விதி உங்களுக்குத்தானே, எனக்கு இல்லையே. டாங்கின் பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் புதுப் பைப் தெரியும். அந்தச் சிகரெட் அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
22 வயதுக் கார் ஒன்றின் உரிமையாளர்